பழைய வீட்டுத் தகர சீலிங்: பிடுங்கவா, வைத்துக்கொள்ளவா?

மாரிக்வில்வாசி:
சிட்னி மாரிக்வில்லில் 1910களில் கட்டிய வீடு ஒன்று வாங்கியிருக்கிறோம். நடையிலும் சமையலறையிலும் சீலிங் முழுக்க பூவும் கொடியுமாக அச்சு அழுத்திய தகரத் தகடு. பெயிண்ட் பட்டை பட்டையாக உரிகிறது. சமையலறை மூலையில் துருவேறி, விரல் பட்டாலே உதிர்கிறது. எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு ஜிப்ராக் (ஜிப்சம் பலகை) அடிக்கலாம் என்கிறார் பில்டர். எனக்கு மனசு வரவில்லை. சாண்டர் (தேய்ப்பு மெஷின்) வாடகைக்கு எடுத்து நானே தேய்த்துவிடலாமா?

கூடைப்பூ:
பிடுங்காதீர்கள். எங்கள் வீட்டில் முன்பு இருந்தவர்கள் பிடுங்கிவிட்டார்கள். இப்போது அதே மாதிரி அலுமினியத்தில் புதிதாகப் போட விலை கேட்டால் தலை சுற்றுகிறது.

பழைய பெயிண்டர்:
தம்பி, சாண்டரைத் தொடவே வேண்டாம். 1970க்கு முந்தைய பெயிண்ட் என்றால் ஈயம் இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள், தேய்த்தால் அந்த விஷம் தூசியாய்ப் பறக்கும். உரிந்த சில்லு ஒன்றை லேபுக்கு அனுப்பிப் பாருங்கள். சூடு காட்டிப் பெயிண்டை இளக்கும் ஹீட் கன்னும் கூடாது. தரையில் தடித்த பிளாஸ்டிக் விரித்து, நுண்தூசியைத் தடுக்கும் பி2 மாஸ்க் போட்டு, தண்ணீர் தெளித்துக் கையால் சுரண்டுங்கள். பிள்ளைகள் அன்றைக்கு வீட்டில் இருக்கக் கூடாது.

தகடு இரும்பா துத்தநாகமா என்று காந்தம் வைத்துப் பார்க்கச் சொல்வார்கள். உங்களுக்குத் தேவையில்லை, செந்துருவே சொல்லிவிட்டது, அது இரும்புத் தகடு. துத்தநாகம் அப்படித் துருவேறாது. ஆனால் துரு மேலிருந்து வந்ததா என்று கூரைக்குள் ஏறிப் பாருங்கள். ஓடு ஒழுகினால் முதலில் அதுதான் வேலை. அப்புறம் துரு பரவாமல் தடுக்கும் ரஸ்ட் கன்வெர்ட்டர் பூச்சு, அதன் மேல் ஆயில் பிரைமர். வெறும் இரும்பில் நேராகத் தண்ணீர் பெயிண்ட் அடித்தால் காய்வதற்குள் பழுப்புப் புள்ளி எட்டிப் பார்க்கும். மேல் பூச்சு மெல்லிசாகவே இருக்கட்டும். தடிப்பாக அப்பிய வீடுகளில் இதழ் எது, காம்பு எது என்றே தெரியாது. விளக்குக்கு ஓட்டை போடுவதற்கு முன் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். பழைய வயர் உரசினால் தகடு முழுக்க கரன்ட்.

ஒருநாள் சிட்னி டவுன் ஹாலுக்குப் போய் அண்ணாந்து பாருங்கள். பெரிய ஹாலில் வண்டர்லிக் கம்பெனி போட்ட துத்தநாக சீலிங் இருக்கிறது. ஆர்கன் என்ற பெரிய குழாய் இசைக்கருவியின் அதிர்வில் பிளாஸ்டர் பெயர்ந்து விழும் என்று பயந்துதான் தகட்டுக்குப் போனார்களாம். 64 அடிக் குழாய் வைத்த ஆர்கன், பயப்படாமல் என்ன செய்வார்கள்!

மாரிக்வில்வாசி:
நன்றி அண்ணா. உதிர்ந்த இடம் கை அகலம்தான். முழுத் தகட்டையும் மாற்றணுமா?

பழைய பெயிண்டர்:
வேண்டாம். இடித்த வீட்டுச் சாமான் விற்கும் யார்டுகளில் தேடுங்கள். போட்டோ மட்டும் போதாது, ஒரு பூவின் நடுவிலிருந்து அடுத்த பூவின் நடு வரை அளந்து எழுதிக்கொண்டு போங்கள். பார்க்க ஒரே டிசைன் மாதிரி இருக்கும், கொண்டுவந்து வைத்தால் கொடி சேராது. அலுமினியத் துண்டை மட்டும் இரும்போடு ஒட்டுப்போடாதீர்கள், ஈரம் பட்டால் சேருமிடத்தில் அரித்துவிடும்.