அவசரம்: ஏஜென்ட் நான் எழுதிய டொக்கியுமென்டைப் படித்துவிட்டுப் பிழையாகக் கொப்பி பண்ணுகிறது

யூனியன்பிளேஸ்_பொடியன்:
அண்ணாமார், அக்காமார், உதவி தேவை. எங்கள் ஒஃபிஸில் ஒரு டூல் இருக்கிறது. தாங்களே கொமாண்ட் ஓட்டி வேலை செய்யும் ஏஐ ஏஜென்டுகளுக்காக ஒரு வேர்க்ஸ்பேஸில் உள்ள டேட்டாவை இன்னொன்றுக்குக் கொப்பி பண்ணும். அதற்கு டொக்கியுமென்ட் எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. எழுதியும் கொடுத்தேன். நான் ஓட்டினால் சரியாக வருகிறது. ஏஜென்ட் அதையே படித்து ஓட்டினால் பிழைக்கிறது, சில ஃபைல்களையும் காணவில்லை. நாளை போயா லீவு, இன்றைக்கே திருத்திக் கொடுக்கவேண்டும். எப்படி எழுதினால் சரிவரும்?

தெஹிவளை_டெவ்:
என்ன டூல் தம்பி? நீங்களே எழுதியதா, உள்ளே வேறு ஏதாவது ஓடுகிறதா? பிழைக்கிறது என்றால் எப்படிப் பிழைக்கிறது?

மழைக்காலம்:
டொக்கியுமென்ட் எவ்வளவு நீளம்? நீளம் கூடினால் நடுவில் உள்ளதை மொடல் கோட்டைவிடலாம். பாதியாக வெட்டிப் பாருங்கள்.

எழுத்துரு_பித்தன்:
ஃபைல் பெயர்கள் தமிழிலா? அப்படியென்றால் பிரச்சினை அங்கேதான். ‘கொள்முதல்’ என்ற பெயரில் வரும் ‘கொ’வை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ககரத்துக்குப் பின் ஒற்றைக் குறியாக ஒகர உயிர்க்குறி வரலாம், அல்லது கொம்பும் காலும் தனித்தனிக் குறிகளாக வரலாம். பார்வைக்கு வித்தியாசமே தெரியாது. இப்போதைய மெக் இரண்டையும் ஒரே ஃபைலாக எடுக்கும், லினக்ஸ் வழக்கமாக இரண்டு ஃபைலாக வைக்கும். கொப்பி பண்ணும்போது இதில் மாட்டுப்பட்டவர்கள் நிறையப் பேர்.

தெஹிவளை_டெவ்:
நல்ல விஷயம்தான், ஆனால் அவர் பெயர் தமிழா ஆங்கிலமா என்றே இன்னும் சொல்லவில்லையே.

பழைய_கை:
கேள்வி கேட்கவும் ஒரு முறை இருக்கிறது. கொமாண்ட் இல்லை, வெளியீடு இல்லை, டொக்கியுமென்டின் ஒரு வரிகூட இல்லை. டூலின் ஹெல்ப் பக்கத்தைத் திறந்துகூடப் பார்க்காமல் டொக்கியுமென்ட் எழுத உட்காரும் காலமாகிவிட்டது. முதலில் அதைப் படித்துவிட்டு வாருங்கள், பிறகு கதைப்போம்.

யூனியன்பிளேஸ்_பொடியன்:
உள்ளே ஆர்சிங்க்தான் ஓடுகிறது, ஃபோல்டர்களைக் கொப்பி பண்ணும் ப்ரோகிராம். லினக்ஸ் சேர்வர், கொமாண்ட் அடிப்பது பாஷில். பெயரெல்லாம் ஆங்கிலம். டொக்கியுமென்டில் இருக்கும் வரி: “மூல ஃபோல்டரின் பாதையையும் சேரிடத்தின் பாதையையும் கொடுத்தால் டேட்டா கொப்பி ஆகும். இரண்டையும் ஒரேமாதிரி வைக்க டிலீட் ஒப்ஷனைப் பாவிக்கலாம்.” பிழைக்கும்போது ரிப்போர்ட்ஸ் ஃபோல்டருக்குள் இன்னொரு ரிப்போர்ட்ஸ் வந்து நிற்கிறது.

தெஹிவளை_டெவ்:
பிடிபட்டது. மூலப் பாதையின் கடைசியில் ஸ்லேஷ் (/) இருந்தால் ஆர்சிங்க் ஃபோல்டருக்குள் இருப்பதை மட்டும் கொண்டுபோகும். ஸ்லேஷ் இல்லாவிட்டால் ஃபோல்டரையே தூக்கிக்கொண்டு போகும். உங்கள் கையில் ஏன் சரியாக வருகிறது தெரியுமா? பாதையை அரைவாசி அடித்துவிட்டு டேப் கீயைத் தட்டுகிறீர்கள், பாஷ் மீதியை நிரப்பி ஸ்லேஷையும் தானே போட்டுவிடுகிறது. ஏஜென்டுக்கு டேப் கிடையாது. முழுப் பாதையையும் தானே எழுதும், ஒரு நேரம் ஸ்லேஷ் போடும், ஒரு நேரம் விடும். உங்கள் டொக்கியுமென்ட் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

காணாமல் போன ஃபைல்கள் வேறு கதை. ஏஜென்ட் தன் வேர்க்ஸ்பேஸில் எழுதிவைத்த குறிப்புகளாக இருக்கும். மூலத்தில் இல்லாத எதையும் டிலீட் ஒப்ஷன் சேரிடத்தில் அழித்துவிடும். “ஒரேமாதிரி வைக்க” என்று மட்டும் எழுதினால் அழிப்பு என்று யாருக்கு விளங்கும்? ஆள் என்றால் சந்தேகம் வந்து பக்கத்து மேசையில் கேட்பார். ஏஜென்ட் பெரும்பாலும் ஊகித்துக்கொண்டு ஓட்டிவிடும்.

இப்படி மாற்றுங்கள்:

“மூலப் பாதை ஸ்லேஷில் முடியவேண்டும். சேரிடத்தில் அதே பெயரில் வேறு உள்ளடக்கத்துடன் ஃபைல் இருந்தால், அது புதியதாக இருந்தாலும் மேலெழுதப்படும். சேரிடத்தில் மட்டும் இருக்கும் ஃபைல்களுக்கு ஒன்றும் ஆகாது. டிலீட் ஒப்ஷன் போட்டால் அவை அழியும், டூலால் மீட்க முடியாது. அந்த ஒப்ஷனைப் பாவிக்கமுன், எதையும் மாற்றாமல் என்ன நடக்கும் என்று மட்டும் காட்டும் ட்ரை ரன்னை, விபரமாகக் காட்டும் வெர்போஸ் ஒப்ஷனுடன் ஓட்டு. வெளியீட்டில் டிலீட்டிங் என்று தொடங்கும் வரி வந்தால் நிறுத்திவிட்டு ஆளைக் கேள்.”

இதற்குக் கீழே ஒரு முழு கொமாண்டும், அதை ஓட்டமுன்னும் ஓட்டியபின்னும் ஃபோல்டர் இருக்கும் கோலமும் வேண்டும். உதாரணத்தில் இருப்பதை ஏஜென்ட் அப்படியே பின்பற்றும், அதனால் அதில் ஸ்லேஷ் விடுபடக்கூடாது.

காலிவீதி_அக்கா:
அந்த ரிப்போர்ட்ஸில் என்ன இருக்கிறது தம்பி? வாடிக்கையாளரின் அடையாள அட்டை இலக்கம், தொலைபேசி இலக்கம் எல்லாம் ஏஜென்டின் வேர்க்ஸ்பேஸுக்குப் போகிறதா? நமக்கு இலங்கையில் 2022இன் 9ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது, தனிநபர் தரவைப் பாதுகாக்க. எது கொப்பி ஆகக்கூடாது என்ற பகுதியே உங்கள் டொக்கியுமென்டில் இல்லை.

பழைய_கை:
அதற்கென்ன, “வாடிக்கையாளர் விபரங்களைக் கொப்பி பண்ணாதே” என்று ஒரு வரி சேர்த்தால் முடிந்தது.

காலிவீதி_அக்கா:
முடியாது. எழுதிவைத்த தடையை ஏஜென்ட் மீறினால் யார் மறிப்பது? டூலே மறுக்கவேண்டும். கொப்பி ஆகக்கூடாதவற்றின் எக்ஸ்க்ளூட் பட்டியலை டூலுக்குள் வையுங்கள், டொக்கியுமென்ட் அந்தப் பட்டியலைச் சொல்லட்டும்.

பழைய_கை:
புது ஃபைல் வந்த அன்றைக்கே அந்தப் பட்டியல் பழசாகிவிடும். நான் பார்க்காத டூலா?

காலிவீதி_அக்கா:
அப்படியென்றால் அதை அனுமதிப் பட்டியலாக வையுங்கள். பெயர் குறிப்பிட்டது மட்டும் போகட்டும், புதிதாக வருவது தானாகவே வெளியே நிற்கும்.

மழைக்காலம்:
இதையெல்லாம் ஏஜென்டுகள் படிக்கும் ஏஜென்ட்ஸ் டொட் எம்டி என்ற தனி ஃபைலில் எழுதினால் என்ன? மனிதர்களுக்கு ஒன்று, ஏஜென்டுக்கு ஒன்று.

தெஹிவளை_டெவ்:
இரண்டு வைத்தால் ஒன்றைத் திருத்தி மற்றதை மறந்துவிடுவார்கள். அந்த ஃபைலில் “முதலில் இந்த டொக்கியுமென்டைப் படி” என்று வழிகாட்டினால் போதும்.

யூனியன்பிளேஸ்_பொடியன்:
ஸ்லேஷ்தான் அண்ணா. உதாரணத்தோடு எழுதினேன், இப்போது ஓட்டிய எல்லாமே சரியாக வந்தது. டிலீட் பகுதியையும் நீங்கள் சொன்னபடி மாற்றிவிட்டேன். அக்கா சொன்னதை டீம் லீடிடம் சொல்லியிருக்கிறேன். ஒஃபிஸ் பூட்டுகிறார்கள், வருகிறேன்.

காலிவீதி_அக்கா:
தம்பி, போகமுன் ஒன்று சொல்லுங்கள், அழிந்த ஃபைல்களுக்கு பேக்கப் இருந்ததா? ஏற்கெனவே கொப்பியான ரிப்போர்ட்ஸை ஏஜென்டின் வேர்க்ஸ்பேஸிலிருந்து எடுத்தீர்களா?

பழைய_கை:
அனுமதிப் பட்டியலை யார் பராமரிப்பது என்று அக்கா இன்னும் சொல்லவில்லை.