அரசுப் பள்ளி எல்கேஜியில் வாரம் எத்தனை முட்டை?

விளாங்குடி அப்பா (சனி, இரவு 9.10)
எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் போட்ட செய்தியைப் படித்ததில் இருந்து வயிறு எரிகிறது. அப்படியே தருகிறேன்: "அரசு எல்கேஜியில சேர்க்கிறதும் பால்வாடியில விடுறதும் ஒண்ணுதான். போர்டை மட்டும் மாத்திட்டாங்க. வாரம் மூணு முட்டையைக் குடுத்துத் தூங்க வைப்பாங்க, அவ்வளவுதான்." எழுதியவர் தன் பிள்ளைக்கு எல்கேஜிக்கே 38,000 ரூபாய் கட்டியவர். என் மகனுக்கு மூன்று வயது முடிந்துவிட்டது, பக்கத்து அரசு நடுநிலை பள்ளியில் எல்கேஜி சேர்க்கப் போகிறேன் என்று சொன்னேன். அதுதான் நான் செய்த குற்றம். ஐயா, அங்கே மூன்று முட்டை இல்லை. ஐந்து. திங்கள் முதல் வெள்ளி வரை தினமும் ஒன்று. என் அக்கா மகன் அதே பள்ளியில்தான் சாப்பிடுகிறான். தெரியாததைத் தெரிந்த மாதிரி எழுதுகிறவர்களுக்காகவே இந்தத் திரி.

திருநகர் வாத்தியார் (9.22)
"நடுநிலை பள்ளி" அல்ல தம்பி, "நடுநிலைப் பள்ளி". ஒற்று விட்டுப்போயிருக்கிறது.
முட்டை மூன்றுதான். ஒன்றாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரைக்கும்தான் ஐந்து. அதற்குக் கீழே, அங்கன்வாடிக் குழந்தைக்கு வாரம் மூன்று. மற்ற இரண்டு நாளில் ஒரு நாள் சுண்டல் அல்லது பயறு, ஒரு நாள் உருளைக்கிழங்கு. 34 ஆண்டுகள் சாக்பீஸ் தூசி தின்றவன் சொல்கிறேன்.

விளாங்குடி அப்பா (9.25)
நான் அங்கன்வாடி என்று எங்கே எழுதினேன்? எல்கேஜி என்று எழுதினேன். ஐந்து.

சிம்மக்கல் சீனி (9.31)
வாத்தியார் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். முட்டை போடுவதில் அவர்களுக்கு இருக்கும் அனுபவம் கோழிக்கே கிடையாது. ஆறாம் வகுப்பில் என் கணக்குத் தாளில் மட்டும் வாரம் ஐந்து.

மேலூர் மைனா (9.48)
என் பெண் இரண்டு வருடம் எங்கள் ஊர் அங்கன்வாடியில் இருந்தாள். 'ஆடிப் பாடி விளையாடு பாப்பா' என்று அவர்களுக்குப் பாடத்திட்டமே இருக்கிறது. பாட்டு, கதை, மணலில் எழுதுவது, பெரிய மணி சிறிய மணி என்று பிரித்து வைப்பது. மத்தியானம் தூங்கினாள், உண்மை. மூன்று வயசுப் பிள்ளை மத்தியானம் தூங்காமல் வேறு என்ன செய்யும்? இப்போது இரண்டாம் வகுப்பு, பஸ் போர்டு எல்லாம் வாசிக்கிறாள். சேர்க்கப் போகிறவர் முட்டையை எண்ணுவதை விட்டுவிட்டு ஒன்று கேட்க வேண்டும்: அந்தப் பள்ளியில் எல்கேஜிக்கென்று தனி டீச்சர் இருக்கிறாரா? இருந்தால் எல்கேஜியும் யுகேஜியும் ஒரே அறையிலா? என் தங்கை பையனுக்கு அந்த இடத்தில்தான் சிக்கலாகிவிட்டது.

விளாங்குடி அப்பா (9.52)
நன்றி அக்கா. ஆனால் உங்கள் பெண் இருந்தது அங்கன்வாடி. நான் சொல்வது எல்கேஜி. அங்கே ஐந்து.

திருநகர் வாத்தியார் (10.20)
எல்கேஜி எல்கேஜி என்று குதிக்கிறாயே, அது எங்கிருந்து வந்தது என்று தெரியுமா? 2019 ஜனவரியில் தமிழ்நாடு முழுக்க 2,381 இடங்களில் எல்கேஜி, யுகேஜி தொடங்கினார்கள். எந்த இடங்களில்? நடுநிலைப் பள்ளி வளாகத்துக்குள் இருந்த அங்கன்வாடி மையங்களில். தொடக்கப் பள்ளியில் பாடம் நடத்திக்கொண்டிருந்த இடைநிலை ஆசிரியர்களைப் பிடித்து அங்கே அனுப்பினார்கள். அவர்கள் சங்கமாகத் திரண்டு நம்ம ஊர் உயர் நீதிமன்றக் கிளைப் படியேறினார்கள். 2022 ஜூனில் அந்த ஆசிரியர்களைத் திரும்ப ஒன்றாம் வகுப்புப் பக்கம் அனுப்பினார்கள், எல்கேஜியே இழுத்து மூடப்படுகிறது என்று செய்தி வந்தது, பெற்றோர் சத்தம் போட்டார்கள், அப்புறம் "மூடவில்லை, தொடரும்" என்றார்கள். தொடர்வதற்கு யாரைப் போட்டார்கள்? மாதம் 5,000 ரூபாய்க்குத் தற்காலிக ஆசிரியர். கொத்தனாருக்குக் கை ஆளாகப் போனால் ஒரு வாரத்தில் அதைவிட வாங்கலாம்.
முட்டைக்கும் வரலாறு இருக்கிறது. 1989ல் சத்துணவில் முட்டை வந்தபோது இரண்டு வாரத்துக்கு ஒன்று. பள்ளிப் பிள்ளைக்கு அது ஐந்தாக ஏற 2010 ஆனது. அங்கன்வாடிக்கு மூன்றில் நிற்கிறது. ஆக, மூன்று.

ஒத்தக்கடை யானை (10.27)
2019ல் தொடங்கியது எந்த ஆட்சி என்று எழுத மட்டும் வாத்தியாருக்கு விரல் வரவில்லை. எடப்பாடி ஆட்சி. 2022ல் மூடப் பார்த்தது யார் என்றும் எழுதவில்லை. "தொடங்கினார்கள்", "அனுப்பினார்கள்". யார் சார் அந்த "ஆர்கள்"?

நெல்பேட்டை நவாப் (10.33)
யானை அண்ணே, 2022 செப்டம்பர் 15 அன்று காலை உணவுத் திட்டத்தை முதலமைச்சர் தொடங்கி வைத்தது எங்கள் பகுதி ஆதிமூலம் மாநகராட்சித் தொடக்கப் பள்ளியில். பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டார். தமிழ்நாட்டுக்கே அது எங்கள் தெருவில் இருந்துதான் போனது. அதையும் ஒரு வரி எழுதுங்கள்.

திருநகர் வாத்தியார் (10.36)
அதுவும் ஒன்று முதல் ஐந்து வரைக்குத்தான். எல்கேஜிக்கு இல்லை. என் கட்சி அதனால் இன்னும் வலுக்கிறது. மூன்று.

ஒத்தக்கடை யானை (10.38)
"என் கட்சி" என்று அவரே ஒத்துக்கொண்டுவிட்டார்.

விளாங்குடி அப்பா (10.41)
காலை உணவை ஏன் உள்ளே இழுக்கிறீர்கள்? கேள்வி மத்தியான முட்டை. என் அக்கா மகன் தினமும் வீட்டுக்கு வந்து "இன்னைக்கும் முட்டை" என்கிறான். பிள்ளை பொய் சொல்லுமா?

சத்துணவுச் சட்டி (11.05)
இருபது வருஷமாக இந்தச் சோற்றைக் கிண்டியவள் என்பதால் ஒரு வார்த்தை. பிள்ளையின் பெயர் எந்த வருகைப் பதிவேட்டில் இருக்கிறதோ அதன்படிதான் முட்டை. நான் வேலை பார்த்த வளாகத்தில் எல்கேஜிப் பிள்ளைகளுக்குச் சாப்பாடு அங்கன்வாடிக் கணக்கில்தான் வந்தது. அது சமூக நலத்துறை. பாடம் பள்ளிக் கல்வித் துறை. சாப்பாடு ஒரு துறை, படிப்பு ஒரு துறை. நீங்கள் இரண்டு பேரும் ஒரே பிள்ளையை ஆளுக்கொரு துறையில் நிறுத்திவிட்டுச் சண்டை போடுகிறீர்கள். அப்புறம், "பால்வாடி"யை ஏதோ கெட்ட வார்த்தை மாதிரி எழுதுவதை நிறுத்துங்கள். அதுசரி, உங்கள் அக்கா மகன் எத்தனாவது படிக்கிறான் தம்பி?

விளாங்குடி அப்பா (11.09)
ஒன்றாம் வகுப்பு. அதனால் என்ன? வளாகம் ஒன்றுதானே.

சிம்மக்கல் சீனி (11.10)
வாத்தியாரே, ஓடி வாங்க!

திருநகர் வாத்தியார் (11.12)
ஒன்றாம் வகுப்பு! முதல் பதிவிலேயே இதை எழுதியிருந்தால் இரண்டு மணி நேரம் மிச்சமாகியிருக்கும். நான் சொன்னது என்ன? ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்து. அதற்குக் கீழே மூன்று. இந்தத் திரியை இத்தோடு பூட்டலாம்.

விளாங்குடி அப்பா (11.20)
பூட்ட நீங்கள் யார்? ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு ஐந்து கொடுக்கிற பள்ளி, ஒரு சுவர் தள்ளி இருக்கிற எல்கேஜிப் பிள்ளைக்கு மூன்றுதான் கொடுக்குமா? நடக்கிற காரியமா? உங்கள் காலத்துச் சட்டத்தை வைத்து இன்றைக்குப் பேசாதீர்கள். போன மாதம் தெப்பக்குளம் திரியிலும் இப்படித்தான். தண்ணீர் பனையூர் கால்வாய் வழியாக வருகிறது என்று நான் எழுதியதற்கு, 'பணையூர்' என்று தட்டச்சுப் பிழை விழுந்ததைப் பிடித்துக்கொண்டு நாற்பது பதிவு ஓட்டினீர்கள். கடைசி வரை தண்ணீரைப் பற்றி ஒரு வரி கிடையாது.

திருநகர் வாத்தியார் (11.26)
பனை மரத்துக்கு எந்த 'ன' என்று தெரியாதவர் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க வருகிறார். நல்லது. பிள்ளையாவது கற்றுக்கொள்ளட்டும்.

அதே தெரு (ஞாயிறு, காலை 6.50)
இந்தத் திரியில் என்னை அடித்துத் துவைக்கிறீர்கள் என்று ஒருவர் காட்டிக்கொடுத்தார். அந்த வாட்ஸ்அப் செய்தியை எழுதியவன் நான்தான். மூன்று முட்டை என்று எழுதினேன், மூன்று என்று வாத்தியார் ஐயாவும் சொல்லிவிட்டார். மன்னிப்பை எதிர்பார்க்கவில்லை. போன சித்திரைத் திருவிழாவுக்கு மூன்று நாள் என் வீட்டு வாசலை மறித்து பைக்கை நிறுத்திவிட்டு எதிர்சேவைக்குப் போனவரிடம் அதை எதிர்பார்க்க முடியாது.
38,000 கட்டியதை ஏதோ திமிர் என்கிறார். நானும் ஆர்டிஇ இடத்துக்கு, அதாவது கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளியில் இலவசமாகக் கிடைக்கிற இடத்துக்கு, மனுப் போட்டவன்தான். 25 விழுக்காடு ஒதுக்கீடு, ஒரு கிலோமீட்டர் தூரத்துக்குள் வீடு, பிள்ளை ஜூலை 31க்குள் மூன்று வயது முடித்திருக்க வேண்டும், எல்லாம் சரியாக இருந்தது. குலுக்கலில் விழவில்லை. 2025ல் மத்திய அரசிடம் பணம் வரவில்லை என்று அக்டோபர் வரை இழுத்தார்களே, அந்த மாதிரி காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை. கட்டினேன்.

விளாங்குடி அப்பா (7.02)
அப்படியென்றால் நீங்களும் இலவசத்துக்கு வரிசையில் நின்றவர்தான். கிடைக்காததால் எங்களைப் பார்த்து இளக்காரம். பைக் நின்றது ஒரு நாள். மூன்று இல்லை.

அதே தெரு (7.05)
மூன்று.

சிம்மக்கல் சீனி (7.15)
இந்தத் தெருவில் எதை எண்ணினாலும் மூன்றா ஒன்றா ஐந்தா என்று பஞ்சாயத்துதான். அழகர் ஆற்றில் ஒரு தடவைதானே இறங்குகிறார், அதிலாவது ஒத்துப்போவீர்களா?

ஒத்தக்கடை யானை (7.31)
மத்திய அரசு பணம் தராதது ஏன் என்றும் எழுதுங்கள். மத்திய அரசின் பி.எம்.ஸ்ரீ பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் மாநிலம் கையெழுத்துப் போடாததால் நிறுத்தி வைத்தார்கள். மாநிலம் கையெழுத்துப் போட்டிருந்தால்...

நெல்பேட்டை நவாப் (7.34)
போட்டிருந்தால் தேசியக் கல்விக் கொள்கைப்படி ஒன்றாம் வகுப்புக்கு ஆறு வயது என்பார்கள். இங்கே ஐந்து வயது முடிந்தால் சேர்க்கலாம். ஒரு வருஷம் கூடுதலாக எல்கேஜிக் கட்டணம் யார் கட்டுவது, நீங்களா?

திருநகர் வாத்தியார் (7.50)
அரசியல் வேண்டாம். நான் தலைமை ஆசிரியராக இருந்தபோது விஜயதசமி அன்று காலையில் பள்ளியைத் திறந்து வைத்து, தாம்பாளத்தில் நெல்லைப் பரப்பி, பிள்ளையின் விரலைப் பிடித்து 'அ' எழுத வைத்துச் சேர்ப்பேன். ஒரே வருடம் 23 பிள்ளைகள். ஒரு தனியார் வேன் எங்கள் தெருவுக்குள் நுழையவில்லை. அன்றைக்கு எந்தத் தகப்பனும் என்னிடம் முட்டைக் கணக்கு கேட்டதில்லை. இன்றைக்குக் கேட்கிறார்கள், கேட்டுவிட்டுச் சொன்னால் நம்புவதும் இல்லை. மூன்று.

மேலூர் மைனா (8.10)
அந்த 23 பிள்ளைக்கு எத்தனை டீச்சர் சார்?

திருநகர் வாத்தியார் (8.12)
அது வேறு விஷயம்.

மேலூர் மைனா (8.15)
நான் நேற்று ராத்திரியில் இருந்து அதை மட்டும்தான் கேட்கிறேன். 5,000 ரூபாய் என்று நீங்களே எழுதினீர்கள். அந்தச் சம்பளத்துக்கு வருகிற பெண் பாதி வருஷத்தில் வேறு வேலை கிடைத்துப் போனால் பிள்ளைகளை யார் பார்ப்பது? என் தங்கை பையன் படித்த பள்ளியில் அப்படித்தான் ஆனது. மூன்று மாதம் ஐந்தாம் வகுப்பு டீச்சர்தான் மாறி மாறிப் பார்த்துக்கொண்டார்.

சத்துணவுச் சட்டி (8.21)
சரியாகக் கேட்டாய் மைனா.

விளாங்குடி அப்பா (8.40)
நாளைக்குத் திங்கட்கிழமை. பிறப்புச் சான்றிதழ், ஆதார், தடுப்பூசி அட்டை எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு நானே நேரில் போகிறேன். மத்தியானம் சாப்பாட்டு மணி வரைக்கும் அங்கேயே நிற்பேன். எல்கேஜித் தட்டில் முட்டை இருப்பதைப் படம் பிடித்து இங்கே போடுகிறேன். அப்போது வாத்தியார் முகத்தை எங்கே வைத்துக்கொள்கிறார் பார்க்கலாம்.

திருநகர் வாத்தியார் (8.44)
திங்கட்கிழமை மட்டும் எண்ணினால் ஒன்றுதான் வரும் தம்பி. வெள்ளி வரைக்கும் நில். அப்புறம், "எல்கேஜித் தட்டில்" என்று இந்த முறை ஒற்று சரியாகப் போட்டிருக்கிறாய்.

அதே தெரு (8.47)
பைக்கைப் பள்ளி வாசலில் நிறுத்திவிடாதீர்கள்.

மேலூர் மைனா (8.52)
நிற்கிற நேரத்தில் அப்படியே எல்கேஜி அறைக்குள் டீச்சர் இருக்கிறாரா என்றும் எட்டிப் பாருங்களேன்.

விளாங்குடி அப்பா (8.55)
அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் அக்கா. முதலில் முட்டை.