நமீப் பாலைவனத்திற்கு ஒரு பகல் போதுமா?

கோத்தகிரிவாசி:
அடுத்த ஆண்டு நானும் என் மனைவியும் நமீபியா செல்ல எண்ணியுள்ளோம். உலகின் மிகப் பழைய பாலைவனங்களுள் ஒன்றான நமீபுக்கு, பயண முகவர் தந்த திட்டத்தில் ஒரு பகல் மட்டுமே ஒதுக்கப்பட்டிருக்கிறது. அது போதுமா? மணலைத் தவிர அங்கே என்ன இருக்கிறது என்று என் மனைவி கேட்கிறார்.

குன்னூர் பயணி:
போதாது, ஐயா. சோசஸ்ஃப்ளே மணற்குன்றுகள் உள்ள தேசியப் பூங்காவின் செஸ்ரீம் வாயில் சூரிய உதயத்தில்தான் திறக்கும். பூங்காவுக்குள்ளேயே தங்குவோர் அதற்கு முன்பே புறப்படலாம். ஆகவே இரண்டு இரவுகளாவது உள்ளே தங்குங்கள். சாய்வெயிலில் குன்றின் ஒரு பக்கம் செந்நிறமாகவும் மறுபக்கம் நிழலாகவும் பிரியும் காட்சி வெயில் ஏறியதும் மறைந்துவிடும். மணல் மணிகளில் படிந்துள்ள இரும்பு ஆக்சைடுதான் அந்தச் சிவப்புக்குக் காரணம். அருகிலுள்ள வறண்ட களிமண் படுகையான டெட்ஃப்ளேயில் பல நூற்றாண்டுகளுக்கு முன் பட்டுப்போன மரங்கள், மட்கிப்போகவும் ஈரமின்றி, இன்றும் கருத்து நிற்கின்றன.

கொடைக்கானல் இயற்கை ஆர்வலர்:
அம்மாவின் கேள்விக்கு நான் விடை சொல்கிறேன். அட்லாண்டிக் கரையோரம் ஓடும் குளிர்ந்த பெங்குவேலா நீரோட்டத்தால் உருவாகும் மூடுபனிதான் அப்பாலைவனத்தின் உயிர்நாடி. நம் சோலை மரங்கள் மஞ்சிலிருந்து நீரை வாங்கிக்கொள்வதுபோல, அங்குள்ள ஒருவகை வண்டு விடியற்காலையில் குன்றின் முகட்டில் தலைகீழாக நின்று, தன் முதுகில் படியும் துளிகள் வாய்க்கு வழிந்துவர, அவற்றைக் குடிக்கிறது. கண்கள் தலையின் உச்சியில் அமைந்த சிறு விரியன் பாம்பு, உடலை மணலில் புதைத்துக்கொண்டு பல்லிகளுக்காகக் காத்திருக்கும். நீண்ட கொம்புகளையுடைய ஓரிக்ஸ் மான்களைத் தேட வேண்டியதே இல்லை. சிற்றுயிர்களைக் காண்பதற்கு ஸ்வாகோப்முண்ட் நகரிலிருந்து வழிகாட்டியுடன் செல்வதே நல்லது. தனியே போனால் மணலில் தடங்களை மட்டுமே பார்த்துவிட்டுத் திரும்புவீர்கள். வாழ்நாள் முழுவதும் இரண்டே இலைகளோடு, சில வேளைகளில் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலும் வாழும் வெல்விட்சியா செடியும் அப்பக்கத்தில்தான் உண்டு.

கோத்தகிரிவாசி:
மிக்க நன்றி. எந்த மாதம் ஏற்றது? நானே கார் ஓட்டலாமா?

உதகை ஓட்டுநர்:
மே முதல் செப்டம்பர் வரை செல்லுங்கள். ஜூலை இரவுகளில் கடுங்குளிர் இருக்கும். உதகையின் ஜனவரி உறைபனியைக் கண்டவர்களுக்கு அது பெரிதாகத் தோன்றாது. அங்கும் வண்டிகள் இடப்பக்கமே செல்லும். ஆனால் தலைநகர் விண்ட்ஹூக்கிலிருந்து செஸ்ரீம் வரையிலான 300 கிலோமீட்டருக்கும் அதிகமான வழியில் பெரும்பகுதி சரளைச் சாலை. கல்லட்டி மலைப்பாதை வளைவுகளில் பெற்ற பழக்கம் அங்கே உதவாது: நேரான சாலையில் வேகம் தானாகக் கூடும், திடீரென பிரேக் பிடித்தால் வண்டி வழுக்கும். சோசஸ்ஃப்ளேக்கு முந்தைய கடைசி 5 கிலோமீட்டர் ஆழ்மணல் என்பதால், அதற்கு மட்டும் பூங்காவின் ஜீப்பில் ஏறிக்கொள்ளுங்கள்.