புதுப்பிப்பு: நீராவி இயந்திரத்தின் ஃப்ளைவீல் (சுழற்சியைச் சீராக்கும் கனமான சக்கரம்) கடைசலுக்கு இணங்கியது

மண்டபத்தில் என் வீட்டுப் பட்டறையில் செய்துவரும் சிறு நீராவி இயந்திரத்தின் வார்ப்பிரும்புச் சக்கரம் லேத்தில் ஓரிடத்தில் கண்ணாடிபோல் வழுக்கி, வெட்டுளியின் முனையைத் தீய்த்துவிடுகிறது என்று சென்ற முறை எழுதியிருந்தேன். மணல் அச்சில் மெல்லிய விளிம்பு விரைந்து குளிரும்போது, அதிலுள்ள கார்பன் மென்மையான கிராஃபைட்டாகப் பிரியாமல் இரும்போடு சேர்ந்து கடினமான வெள்ளை வார்ப்பிரும்பாக உறைந்துவிடுவதே இதற்குக் காரணம்.

அந்தக் கடினத்தைப் போக்க, நம் ஊரில் பஞ்சமில்லாத சீமைக் கருவேலங்கரியை மூட்டி, சக்கரத்தைச் செம்மஞ்சளாகப் பழுக்கவைத்து நெடுநேரம் அப்படியே வைத்திருந்து, பின்னர் சாம்பலில் புதைத்து மறுநாள் காலைவரை தொடாமல் விட்டேன். இப்போது கடையும்போது இரும்புச் சுருள் உதிரியாக வருகிறது, விளிம்பும் சீராகிவிட்டது.

சிலிண்டரின் உட்புறத்தில் இரவோடு இரவாகத் துரு ஏறியதற்கு உப்புக் காற்றைத் தவிர வேறெதையும் குறை சொல்ல முடியாது. வேலை முடிந்ததும் எண்ணெய் பூசி, எண்ணெய்த்துணியால் சுற்றிவைக்கிறேன்.

நீராவிக்குப் பதிலாக, பஞ்சர் கடையில் இரவல் வாங்கிய கம்ப்ரெசரின் காற்றில் ஓட்டியபோது இயந்திரம் முன்னும் பின்னும் ஆடியதே தவிரச் சுழலவில்லை. வால்வை நகர்த்தும் எக்சென்ட்ரிக்கை (மையம் விலகிய வட்டு), பிஸ்டனின் அசைவைச் சுழற்சியாக்கும் கிராங்குக்குச் சரியாக 90 பாகையில் பொருத்தியது என் பிழை. வால்வின் விளிம்பு காற்றுத் துளையைத் தாண்டி மூடியிருக்கும் மேற்படிவுக்காக அதற்கும் சற்று முன்னே தள்ளியதும் ஓடத் தொடங்கியது. கொதிகலன் வேலை இன்னும் தொடங்கப்படவில்லை.