பெண்கள் சமாதானக் குழு அமைக்கச் சொல்கிறார்கள், சேரலாமா?

கட்டுக்கரை வாய்க்கால்:

எல்லோருக்கும் வணக்கம். மன்னார் மாவட்டத்தில் ஒரு மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் செயலாளராக இருக்கிறேன். எங்கள் ஊரும் பக்கத்து ஊரும் கட்டுக்கரைக் குளத்துத் தண்ணீரில், ஒரே வாய்க்காலில் வயல் செய்கிறோம். பக்கத்து ஊர்ச் சனம் முஸ்லிம்கள். 1990 ஒக்டோபரில் புலிகள் வடக்கிலிருந்து வெளியேற்றியபோது புத்தளம் பக்கம் போய் அங்கேயே முகாமில் பிள்ளைகளை வளர்த்து, சண்டை முடிந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தவர்கள். கண்டால் சிரிப்போம், கலியாண வீட்டுக்குச் சொல்வோம், ஆனால் காணி, தண்ணி என்று கதை வந்தால் அன்றோடு சிரிப்பு போய்விடும்.

இப்போது ஒரு தொண்டு நிறுவனம் வந்து இரண்டு ஊரிலும் சரிபாதியாகப் பெண்களைச் சேர்த்து ஒரு "பெண்கள் சமாதானக் குழு" அமைக்கச் சொல்கிறது. எனக்குத் தயக்கமாக இருக்கிறது. முன்னர் இதே மாதிரி ஒரு பயிற்சிக்கு எங்களை ரவுனுக்குக் கூட்டிப்போனார்கள். ஐ.நா. பாதுகாப்புச் சபை 2000ஆம் ஆண்டில் 1325 என்று ஒரு தீர்மானம் நிறைவேற்றியது, சமாதான முயற்சிகளில் பெண்களுக்கு இடம் கொடுக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது என்றெல்லாம் திரையில் போட்டுக் காட்டினார்கள். நல்ல விசயம்தான், நான் குறை சொல்லவில்லை. பிறகு வரவில் கையெழுத்து, பதாகையோடு ஒரு போட்டோ, சோற்றுப் பார்சல், பஸ். அதே மாதம் சிறுபோகத்துக்கு, அதாவது வறண்ட காலத்து நெல்லுக்கு, எத்தனை ஏக்கர் செய்வது, யாருடைய பக்கத்துக்கு முதல் தண்ணி விடுவது என்று இரண்டு ஊருக்கும் வந்த உண்மையான சண்டையை, இரண்டு ஊர் ஆண்களும் ஒரு அரிசி ஆலை முற்றத்தில் நின்று பேசி முடித்தார்கள். எங்களுக்குச் செய்தி மட்டும் வந்தது. எங்கள் வயலுக்குத் தண்ணி வராது என்பதை நான் அப்படித்தான் அறிந்தேன்.

இந்தக் குழுவால் ஏதாவது பலன் உண்டா, இல்லை அவர்களுடைய அறிக்கைக்கு நாங்கள் படமா? சேர்வதென்றால் முதலிலேயே எதைக் கேட்டு வாங்க வேண்டும்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். (மாமியாருக்கு இப்போதே கோபம். சமாதானத்தை முதலில் குசினியில் தொடங்கட்டாம்.)

பட்டியலில் வந்தவள்:

தங்கச்சி, நான் 2018இல் பிரதேச சபைக்குப் போனவள், வேறு மாவட்டம். 25 வீதம் பெண்கள் என்று சட்டம் வந்திராவிட்டால் எந்தக் கட்சியும் என் வீட்டுப் படலையைத் தட்டியிருக்காது. அதற்கு முன்னர் நாடு முழுவதும் உள்ளூராட்சி சபைகளில் பெண்கள் 2 வீதம் அளவில்தான் இருந்தார்கள், அந்தத் தேர்தலோடு அது இருபதைத் தாண்டியது. ஆனபடியால் ஒதுக்கீடு வேண்டாம் என்று சொல்கிறவர்களோடு எனக்கு ஒத்துவராது.

ஆனால் எப்படி உள்ளே விட்டார்கள் என்று பாருங்கள். வட்டாரத்தில் நிற்பவர்களின் பட்டியலில் பத்தில் ஒரு பங்கு பெண்கள் இருந்தால் போதும். வட்டாரம் இல்லாமல் கட்சியின் வாக்குக் கணக்கில் உள்ளே வருகிறவர்களுக்கு மேலதிகப் பட்டியல் என்று ஒன்று இருக்கிறதே, அதில்தான் பாதி. அதனால் வட்டாரங்களை ஆண்கள் எடுத்துக்கொண்டார்கள், நாங்கள் பெரும்பாலும் பட்டியலால் வந்தோம். சபைக்குள் போன பிறகு ஒழுங்கை திருத்தக் காசு பிரிக்கும்போது, "அக்கா, உங்களுக்கு வட்டாரம் இல்லைத்தானே" என்று சிரித்துக்கொண்டே தாண்டிப் போவார்கள். சண்டைக்கு வந்தாலாவது பதில் சொல்லலாம், அந்தச் சிரிப்புக்கு என்ன சொல்வது.

எனக்கு உதவியது ஒன்றுதான். எதைச் சொன்னாலும் அதைக் கூட்ட அறிக்கையில் எழுதச் சொல்வேன். அடுத்த கூட்டத்தில் அறிக்கை வாசிக்கும்போது என் பெயரும் நான் கேட்டதும் இல்லையென்றால் எழும்பி நின்று திருத்தச் சொல்வேன். முதல் வருசம் முழுக்க அலுப்புப் பிடித்தவள் என்று பெயர் எடுத்தேன். பிறகு செயலாளரே, "உங்கட விசயம் போட்டாச்சு அக்கா" என்று முதலே சொல்லத் தொடங்கினார். சந்தையில் பெண்களுக்கு மலசலகூடம் வந்தது அப்படித்தான், கிட்டத்தட்ட இரண்டு வருசம் போனது.

எனவே என் கருத்து, தனிக் குழு கேட்காதீர்கள். தண்ணியைப் பற்றி முடிவெடுக்கிற அந்தக் கூட்டத்தில் இடம் கேளுங்கள்.

பழைய பேப்பர்:

மேலே அக்கா சொன்னதற்கு ஒரு சாட்சி. 2002இல் பேச்சுவார்த்தை நடந்தபோது மேசையில் இரண்டு பக்கமும் பேசியது ஆண்கள். அந்த டிசம்பரில் ஒஸ்லோ சுற்றில் பெண்கள் விவகாரத்துக்கு ஒரு உபகுழு அமைக்கலாம் என்று ஒத்துக்கொண்டார்கள். பக்கத்துக்கு ஐந்து பெண்கள், அரச தரப்புக்குக் குமாரி ஜயவர்தன, புலிகள் தரப்புக்குத் தமிழினி, நடுவில் ஒரு நோர்வேப் பெண்மணி. முதல் சந்திப்பு 2003 மார்ச் தொடக்கத்தில் கிளிநொச்சியில். அவர்கள் எடுத்துக்கொண்ட விசயங்களைப் பார்த்தால் மீள்குடியேற்றம், பாதுகாப்பு, வாழ்வாதாரம், அரசியலில் பெண்களின் இடம். சனத்துக்கு அன்றாடம் வேண்டியது எல்லாம் அதற்குள் இருந்தது. ஆனால் ஏப்ரல் 21இல் புலிகள் பேச்சிலிருந்து விலகினார்கள், பெரிய மேசை கவிழ்ந்ததும் சின்ன மேசையும் போய்விட்டது. அதைக் காப்பாற்ற அந்தப் பத்துப் பேரிடமும் எந்த அதிகாரமும் இல்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். 1984இல் யாழ்ப்பாணத்தில் அரச படைகளிடம் பிடிபட்ட பிள்ளைகளுக்காக அன்னையர் முன்னணி தெருவில் இறங்கியது. 1990இல் தெற்கே மாத்தறையில் அதே பெயரில் சிங்களத் தாய்மார் தொடங்கினார்கள், ஜே.வி.பி. கலவரக் காலத்தில் காணாமல் போன பிள்ளைகளுக்காக. அதற்குப் பின்னால் அப்போதைய எதிர்க்கட்சி நின்றது. 1994இல் அந்தக் கட்சி கூட்டணியாக ஆட்சிக்கு வந்தது, காணாமல் போனவர்களை விசாரிக்க ஆணைக்குழுக்கள் வந்தன, முன்னணி மெல்ல மறைந்தது. தாய்மாரின் கண்ணீர் யாருக்கு வாக்கானது என்பதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் ஊருக்கு வருகிற நிறுவனத்திடம் திட்டம் எத்தனை மாதம், முடிந்த பிறகு குழு யாருடையது என்று இப்போதே கேட்டு வையுங்கள்.

பெல்பாஸ்ட் மழை:

தனிக் குழு வேண்டாம் என்பதில் எனக்கு முழு உடன்பாடில்லை அக்கா. நான் இருக்கிற ஊரின் கதையைச் சொல்கிறேன்.

1996இல் வட அயர்லாந்தில் பேச்சுவார்த்தைக்கு ஆட்களைத் தெரிவு செய்ய ஒரு தேர்தல் வைத்தார்கள். எந்தக் கட்சியும் பெண்களைப் பற்றி அக்கறைப்படவில்லை என்றதும், சில வாரங்களுக்குள் பெண்கள் கூடித் தாங்களே ஒரு கட்சி தொடங்கினார்கள், பெண்கள் கூட்டணி என்று. முதலில் வரும் பத்துக் கட்சிகளுக்கும் ஆளுக்கு இரண்டு இடம் என்று ஒரு விதி இருந்தது, அதைக் கணக்குப் போட்டே இறங்கினார்கள். கிடைத்த வாக்கு 1 வீதம் அளவுதான், ஒன்பதாவது இடம், ஆனால் இரண்டு கதிரை! கத்தோலிக்கப் பக்கத்திலிருந்து மோனிக்கா மக்வில்லியம்ஸ், புரட்டஸ்தாந்துப் பக்கத்திலிருந்து பேர்ல் சேகர். அவையில் இவர்கள் எழும்பிப் பேசினால் எதிர்ப்பக்க ஆண்கள் மாடு கத்துகிற மாதிரிக் கத்துவார்கள். உண்மையாகவே.

அப்படியிருந்தும் 1998 ஏப்ரல் 10 ஒப்பந்தத்தில் பாதிக்கப்பட்டவர்களுக்கு ஆதரவு, பிள்ளைகள் கலந்து படிக்கிற பள்ளிக்கூடங்கள், குடிமக்கள் மன்றம் என்ற விசயங்கள் நுழைந்ததில் இவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. ஆயுதத்தையும் கதிரையையும் பற்றிப் பேசிக்கொண்டிருந்த மற்றவர்களுக்கு இவை முக்கியமாகத் தெரியவில்லை. 2006இல் கட்சியைக் கலைத்துவிட்டார்கள் என்பதும் உண்மை, நிரந்தர வெற்றி என்று சொல்ல வரவில்லை.

நான் சொல்ல வந்தது, அவர்கள் தனியாகக் கூடித் தங்களுக்குள் இருந்த சண்டையை முதலில் பேசினார்கள், பிறகு இரண்டு பேராகப் பெரிய மேசைக்குப் போனார்கள். உங்கள் ஊரில் ஒரு தமிழ்ப் பெண் மட்டும் தண்ணிக் கூட்டத்துக்குப் போனால் அவர் தமிழ் ஊரின் ஆள். இரண்டு ஊர்ப் பெண்களும் ஒரே கோரிக்கையோடு சேர்ந்து போவதென்றால், முதலில் தங்களுக்குள் கூடிக் கதைக்க ஒரு இடம் வேண்டும்தானே.

நேர் கதை:

பெண்கள் என்றாலே இயல்பில் சமாதானமானவர்கள் என்ற கதையை நம்பிக் குழு அமைக்காதீர்கள். எங்கள் போரில் பெண்களும் துவக்குத் தூக்கினார்கள். 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்புக்குப் பிறகு முஸ்லிம் கடையில் சாமான் வாங்காதே என்று வட்ஸ்அப்பில் எனக்கு வந்த செய்திகளில் பாதி என் சொந்தக்காரப் பெண்கள் அனுப்பியவை. பெண்களுக்கு இடம் வேண்டும், ஏனென்றால் அது அவர்களுடைய தண்ணியும் அவர்களுடைய காணியும். இதற்கு மேலே ஒரு காரணமும் தேவையில்லை.

அப்புறம், கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20இல் தொடங்கிக் காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் தெருவோரம் குந்தியிருந்தார்களே, வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் அப்படியே, வருசக்கணக்காக. பலர் பிள்ளையைக் காணாமலே செத்தும் போனார்கள். இந்தப் பெண்களை எந்த நல்லிணக்கப் பயிற்சியிலாவது முன்வரிசையில் இருத்திப் பார்த்திருக்கிறீர்களா? அவர்கள் "என் பிள்ளை எங்கே" என்று கேட்பார்கள், அதனால் கூட்டம் குழம்பும். குழம்பாத பெண்களைத்தான் தேடி வருகிறார்கள்.

ஆகவே உங்கள் குழுவில் 1990ஐப் பற்றி அந்த ஊர்ப் பெண்கள் கதைக்கலாமா, எங்கள் பக்கம் வாயை மூடிக்கொண்டு கேட்குமா என்பதைப் பாருங்கள். அது முடியாதென்றால் தண்ணியும் சரிவராது.

காணிக் கச்சேரி:

நீண்ட காலம் காணி வேலையில் இருந்தேன், அதிலிருந்து சொல்கிறேன். எல்லோரும் கூட்டம், மேசை என்கிறீர்கள். தண்ணிக் கூட்டத்தில் பேசுவது கமக்காரர் அமைப்பு, அதாவது விவசாயிகள் சங்கம். அதில் நடைமுறையில் யார் உறுப்பினர்? வயலுக்கு அரசு கொடுத்த அனுமதிப்பத்திரம் யார் பேரில் இருக்கிறதோ அவர். அது யார் பேரில்? குடும்பத் தலைவர் என்று எழுதியிருக்கும், அதாவது ஐயா பேரில். இந்தப் பத்திரங்களைக் கொடுக்கிற காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் 1935இல் வந்தது. தனக்குப் பிறகு காணி யாருக்கு என்று பின்னுரித்தாளரை நியமிக்காமல் ஒருவர் செத்தால் மகளுக்கு முன் மகன் என்று அதன் அட்டவணையில் இருந்தது. அதைத் திருத்த 2022 வரை ஆனது. இதற்கிடையில் எத்தனை விதவைகள் தங்கள் வயலைத் தாங்களே செய்துகொண்டு, கூட்டத்துக்கு மட்டும் மைத்துனரை அனுப்பினார்கள் என்று நான் கண்ணால் கண்டிருக்கிறேன்.

உங்கள் சங்கத்தில் வயல் செய்கிற பெண்களில் எத்தனை பேருக்குப் பத்திரம் சொந்தப் பெயரில், எத்தனை பேருக்குச் செத்த கணவன் பெயரில், எத்தனை பேருக்குப் பத்திரமே இல்லை என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். பக்கத்து ஊரிலும் எழுதச் சொல்லுங்கள். அதை எடுத்துக்கொண்டு பிரதேச செயலகக் காணிக் கிளைக்கும், விவசாயிகளுக்கான அரச அலுவலகமான கமநல சேவை நிலையத்துக்கும் போனால் அவர்கள் பதில் சொல்லியாக வேண்டும். பயிற்சிக்கு வருகிற காசில் இரண்டு ஊருக்கும் ஒரு சட்டத்தரணியை ஒரு நாள் கூட்டிவரச் சொல்லுங்கள், பதாகையை விட அது மலிவு.

கட்டுக்கரை வாய்க்கால்:

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை.

நேற்றுப் பின்னேரம் அந்த ஊர் மாதர் சங்கச் செயலாளரிடம் போய் இதைக் கதைத்தேன். தண்ணியைத்தான் முதலில் சொல்லுவா என்று நினைத்தேன், அவ சொன்னது காணிப் பத்திரம். 1990இல் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டவர்கள், பத்திரம் எடுத்து வந்தவர்கள் குறைவு. திரும்பி வந்தபோது சில காணிகளில் எங்கள் ஊர் ஆட்கள் குடியிருந்தார்கள், அதில் என் சொந்தக்காரரும் ஒருவர். அதைச் சொல்லும்போது அவ என் முகத்தைப் பார்க்கவில்லை, நானும் ரீயைக் குடித்துக்கொண்டிருந்தேன். ஆனால் சொல்லிவிட்டா. "நேர் கதை" எழுதியதை வாசித்துவிட்டுப் போனபடியால் நான் குறுக்கே பேசவில்லை.

குழுவில் சேர்வோம் என்று இரண்டு பேரும் முடிவெடுத்திருக்கிறோம், நிறுவனத்தின் ஆள் வரும்போது சிலதைக் கேட்போம். கூட்டம் ஒரு முறை அவர்கள் மதரசா மண்டபத்தில், மறுமுறை எங்கள் பொதுநோக்கு மண்டபத்தில், ரவுனில் வேண்டாம். ஓட்டோக் காசு கையில். பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில் கூட்டம் வைக்கக் கூடாது. சட்டத்தரணி கட்டாயம். அறிக்கைப் புத்தகம் எங்களிடம் இருக்கும், அவர்கள் வேண்டுமானால் பிரதி எடுக்கட்டும். போட்டோ வேண்டாம் என்றும் கேட்கப் பார்த்தோம், அது நடக்காது, இரண்டு பேரும் சிரித்துவிட்டு விட்டுவிட்டோம்.

சிறுபோகக் கூட்டத்துக்கு முன் இரண்டு பேருமாகக் கமநல சேவை நிலையத்துக்குப் போய், வயல் செய்கிற பெண்களை அமைப்பில் உறுப்பினராக்கச் சொல்லிக் கடிதம் கொடுக்கப் போகிறோம். இரண்டு சங்கத்தின் பெயரும் ஒரே கடிதத்தில்.

பட்டியலில் வந்தவள்:

நல்லது தங்கச்சி, பெல்பாஸ்ட் தம்பி சொன்னதையும் நான் ஏற்கிறேன். கடிதத்தை இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு போங்கோ. ஒன்றைக் கொடுத்துவிட்டு மற்றதில் திகதி முத்திரை குத்தி, வாங்கிய ஆளின் கையெழுத்தோடு எடுத்துக்கொண்டு வாருங்கோ. பெரியவர் இல்லை, பிறகு வாருங்கள் என்பார்கள், குத்தித் தரும் வரைக்கும் வாங்கிலை விட்டு எழும்பாதீர்கள்.