ஏற்காட்டில் விற்க மறுத்த முடவாட்டுக்கால்

அஸ்தம்பட்டி வாசி:
ஏற்காடு போய், பாறையில் ஒட்டி வளரும், மூட்டுவலிக்குச் சூப் வைக்கிற முடவாட்டுக்கால் வாங்காதவர் இங்கே குறைவு, அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். அம்மாவின் மூட்டுவலிக்காக ரோட்டோரக் கடையில் நின்றேன். கடைக்காரப் பாட்டி கத்தியால் அதன் பழுப்பு ரோமத்தைச் சுரண்டச் சுரண்ட, உள்ளே வெளிர்பச்சைச் சதை. கூடையில் ஒரு துண்டின் நுனியில் மட்டும் சுருண்ட தளிர் இருந்தது. அதைக் கேட்டேன். “அது தர மாட்டேனுங்க. உசுரு இருக்குது, வெட்டுன பாறையிலயே வெச்சிருவேன்” என்றார். கூடுதலாகக் காசு தருகிறேன் என்றதும் எடுத்து மடியில் முடிந்துகொண்டார். அந்த முடிச்சு கண்ணிலேயே நிற்கிறது. வேறு யாராவது இப்படிப் பார்த்திருக்கிறீர்களா?

சேந்தமங்கலத்தான்:
கொல்லிமலை ஆகாய கங்கை அருவிப் படியேறி மூச்சு வாங்க நின்றபோது சூப் கொடுத்தவர் சொன்னது: “முடவனையும் ஆட்டி நடக்க வைக்கிற கால், அதான் முடவாட்டுக்கால்.” அதைச் சொல்லும்போது தன் முழங்காலைத் தட்டிக் காட்டினார். நம்பாமல் இருக்க முடியவில்லை.

மலைப்பாதை:
சேந்தமங்கலத்து அண்ணா, அது பிற்பாடு கட்டிய கதை என்றே நினைக்கிறேன். ரோமத்தோடு ஆட்டுக்கால் மாதிரி இருப்பதால் வந்த பேர். எங்கள் தாத்தா வெறும் ‘ஆட்டுக்கால் கிழங்கு’ என்பார். கிழங்கும் இல்லை, பெரணி (ஃபெர்ன்) செடியின் தண்டு. பூக்காது, காய்க்காது, மண்ணும் வேண்டாம். தாவரவியலாளர் லின்னேயஸ்கூட 1753-இல் ஓக் இலைச் சாயலைப் பார்த்துத்தான் பேர் வைத்தார். சேர்வராயன் கோயில் பக்கம் ஒரு மரத்தில் பச்சை இலைக்கு அடியில் காய்ந்த இலைகள் உதிராமல் ஒட்டியிருந்தன. செத்த செடி என்று பிய்க்கப் போனேன், கூட வந்த மலைக்காரர் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பழுப்பு இலைதான் சருகையும் ஈரத்தையும் சேர்த்துச் செடிக்குச் சோறு போடுகிறதாம்.

செவ்வாய்ப்பேட்டை அக்கா:
எங்கள் மாமியார் குடித்தார், வலி கொஞ்சம் மட்டுப்பட்டது, அவ்வளவுதான். ஆனால் தம்பி, அம்மாவுக்குக் கொடுக்கும்முன் கேளுங்கள். ரோமம் ஒன்றுகூட இருக்கக்கூடாது, தொண்டையில் சிக்கும். நன்றாகத் தட்டி, மிளகு, சீரகம், பூண்டு, சின்ன வெங்காயம் போட்டுக் கொதிக்க வைத்து வடிகட்டுங்கள். சர்க்கரை, பிரஷர் மாத்திரை எதையும் இதை நம்பி நிறுத்தாதீர்கள். முட்டி வீங்கியிருந்தால் முதலில் டாக்டரிடம் காட்டுங்கள். பையில் அடைத்த பொடி வேண்டாம், எதை அரைத்தார்கள் என்று தெரியாது.

நாகலூர்:
உங்கள் கேள்விக்கு வருகிறேன். எங்கள் பெரியப்பா தளிர் நுனியை விட்டுவிட்டுப் பின்பக்கத்தைத்தான் வெட்டுவார். நுனியோடு பிடுங்கி வந்த பையனை அந்த வெயிலிலேயே திரும்ப மேலே அனுப்பி, பாறை இடுக்கில் பாசி வைத்து அழுத்தச் சொன்னார். அது பிடித்துக்கொண்டது, நானே பார்த்தேன்.