பழங்கோடி: கிடப்பில் இருந்த உறுப்புகளில் பூட்டிய பேனாவுக்கு ஒரு சொல்

நண்பர்களுக்கு வணக்கம்.

ஐம்பது அறுபது வருடத்துக்கு முன்னால் செய்து, யார் கையிலும் போகாமல் பெட்டியில் கிடந்த உறுப்புகளை எடுத்து இப்போது பூட்டி விற்கிறார்களே, அந்த மைப்பேனாவை என்னவென்று சொல்வது? இதற்கு ஒரு தமிழ்ச்சொல் வேண்டும் என்று பேனா நண்பர்களுக்குள் நடக்கும் பேச்சில் இதுவரை மீள்வெளியீடு, புதுப்பழஞ்சரக்கு, தொடாச்சரக்கு என்று மூன்று சொற்கள் வந்திருக்கின்றன. மூன்றையும் ஒரு வாரமாகக் கடையில் உட்கார்ந்து சொல்லிச் சொல்லிப் பார்த்தேன், எதுவும் வாயில் நிற்கவில்லை. நான் முன்வைப்பது ‘பழங்கோடி’. ஏன் என்று கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் கடை கொழிஞ்சாம்பாறையில். தெரியாதவர்களுக்கு: பொள்ளாச்சியிலிருந்து பாலக்காடு போகிற வழி, கேரளம்தான், ஆனால் கடைக்கு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் தமிழ்தான் பேசுவார்கள். அப்பா காலத்திலிருந்து நோட்டு, பேனா, மை, அதோடு பேனா பழுது பார்ப்பதும் உண்டு. போன வருடம் பாலக்காட்டுப் பக்கம் பூட்டிக் கிடந்த ஒரு பழைய கடையைக் காலி செய்தபோது ஒரு மரப்பெட்டியை விலை பேசி எடுத்து வந்தேன். உள்ளே எபோனைட்டில் கடைந்த பேனா உடல்கள், மூடிகள், கழுத்துகள் (எழுதும்போது விரல் பிடிக்கிற பகுதி), நாக்குகள் (நிப்புக்கு அடியில் இருந்து மையை இறக்குவது), மெழுகுத்தாளில் மடித்த நிப்புகள். ஒரு பேனா கூட முழுசாக இல்லை, எல்லாம் தனித்தனி.

ஒரு உடலை மட்டும் சொல்கிறேன். மலையாளப் பத்திரிகைத் தாளில் சுற்றியிருந்தார்கள், தாள் ஒரு இடத்தில் கரையான் அரித்து ஓட்டையாகியிருந்தது. தாளைப் பிரித்தால் உடல் முழுக்க நல்ல கறுப்பு, அந்த ஓட்டை இருந்த இடத்தில் மட்டும் பாசிப் பச்சையும் பழுப்பும் கலந்த ஒரு திட்டு, ஓட்டையின் வடிவத்திலேயே. எபோனைட் அப்படித்தான். ரப்பரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் கந்தகம் சேர்த்து வேகவைத்து இறுக்கிய பொருள் அது, வெளிச்சமும் ஈரமும் பட்டால் கந்தகம் மேலே வந்து நிறம் போய்விடும். கட்டைவிரலால் தேய்த்துச் சூடேற்றினால் தீக்குச்சி வாசனை வரும். மரையில் பிசிறு கூடத் தேயவில்லை. ஒருமுறை கூட ஒரு கழுத்தை அதில் முறுக்கியதில்லை என்று அந்தப் பிசிறே சொல்லிவிட்டது.

இதைப் பழசு என்பதா, புதுசு என்பதா? செய்த நாளை வைத்துப் பார்த்தால் என்னைவிட மூத்தது. பயன்பாட்டை வைத்துப் பார்த்தால் நேற்றுக் கடைசலிலிருந்து இறங்கியது. இந்த இரண்டும் சேர்ந்து தெரிய வேண்டும், அதுதான் நம் சிக்கலே.

மீள்வெளியீடு என்பதை நான் ஒத்துக்கொள்ளாததற்குக் காரணம் இருக்கிறது. பார்க்கர் கம்பெனியின் ‘51’ என்ற பேனாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1941-இல் விற்பனைக்கு வந்தது, நிப்பை முக்கால்வாசி மூடிய கூடு, அழுத்தினால் போய் உட்காரும் மூடி. 2021-இல் அதே பெயரில் மறுபடி கொண்டுவந்தார்கள், மூடி திருகுகிற மூடியாகிவிட்டது, உள்ளே எல்லாமே புதிதாகச் செய்தது. அது மீள்வெளியீடு, சரி. பழைய அச்சை வைத்துப் புதிதாகப் புத்தகம் போடுவது போல. நாம் பேசுவது அதுவல்ல. இங்கே பொருளே பழையது, பூட்டியது மட்டும்தான் இப்போது. திருவள்ளூரில் ரங்கா பேனாக்காரர்களும் ராஜமுந்திரியில் ரத்னம் பேனாக்காரர்களும் இன்றைக்கும் எபோனைட் கம்பியைக் கையால் கடைந்து பேனா செய்கிறார்கள், பார்வைக்குப் பழைய பாணியாகவே இருக்கும், ஆனால் அது முழுக்கப் புதுப்பேனா. அதையும் இதையும் ஒரே சொல்லில் அடைத்தால் இரண்டு பேருக்கும் அநியாயம்.

இது வெறும் சொல் பிரியத்தில் சொல்வதல்ல. ஒருமுறை வெளியூரிலிருந்து ஒரு பேனா வரவழைத்தேன், அசல் உறுப்பில் மறுபடி வெளியிட்டது என்று விவரத்தில் போட்டிருந்தார்கள். வந்ததும் நிப்பைக் கழற்றிக் கண்ணாடி வைத்துப் பார்த்தால், முனையில் ஒரு பக்கம் சரிவாகத் தேய்ந்திருக்கிறது, யாரோ இடது கைக்காரர் வருடக்கணக்கில் எழுதியிருக்கிறார். உடல் தொடாதது, நிப்பு எழுதித் தேய்ந்தது. விற்றவரிடம் கேட்டபோது எல்லாம் அசல்தானே என்றார். அசல்தான், பொய் சொல்லவில்லை. ஆனால் அசல் என்பதும் பயன்படாதது என்பதும் வேறு வேறு என்று காட்ட அவரிடமும் சொல் இல்லை, என்னிடமும் இல்லை. அன்றைக்குப் போன பணத்தைவிட அந்த வாயடைப்புதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது. அந்த மாதிரிக் கலப்புக்கு ‘ஒட்டுப்பேனா’ என்று வைத்துக்கொள்ளலாம், எங்கள் பக்கத்து முதலமடை மாந்தோப்புகளில் ஒட்டு மாமரம் என்றால் எல்லோருக்கும் புரிகிறதல்லவா, அதுபோல.

இனி கோடிக்கு வருகிறேன். கோடி என்றால் நம் பேச்சில் உடுத்தாத துணி, தண்ணீர் காணாத துணி. நேற்று நெய்ததாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. பாட்டி டிரங்குப் பெட்டியில் முப்பது வருடம் மடித்து வைத்திருந்த சேலையும், யாரும் உடுத்தாதவரை கோடிதான். புதுசு என்ற சொல்லுக்கு இல்லாத ஒரு நுட்பம் இது, புதுசு நாளைப் பார்க்கிறது, கோடி உடுத்தினாயா இல்லையா என்று மட்டும்தான் பார்க்கிறது. நாம் தேடுகிற பொருள் அப்படியே அதில் இருக்கிறது, புதிதாக எதையும் செதுக்க வேண்டாம். பழைய காலத்துக் கோடி, பழங்கோடி. பழங்கஞ்சி, பழங்கதை மாதிரி நாக்கில் தானாக வரும்.

மதுரை நண்பர் ஒருவரிடம் முன்னமே சொல்லிப் பார்த்தேன், உடனே மறுத்தார். கோடி என்றால் எங்களுக்கு எழவு வீட்டில் போடுகிற துணிதான் நினைவுக்கு வரும், ஆசையாய் வாங்குகிற பேனாவுக்கு அதையா வைப்பது என்றார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது, நான் லேசாக ஒதுக்கவில்லை. ஆனால் எங்கள் பக்கம் வந்து பாருங்கள். ஓணத்துக்குக் குழந்தைகளுக்கு எடுப்பது ஓணக்கோடி. நஸ்ராணி, அதாவது கேரளக் கிறிஸ்தவர் கல்யாணத்தில் மாப்பிள்ளை பெண்ணுக்குப் போர்த்துவது மந்திரகோடி. இங்கே கோடி என்றால் முகம் மலரும். துக்க வீட்டிலும் கோடி போடுவது ஏன்? இன்னொருவர் உடுத்தியதைப் போடக் கூடாது என்பதால்தானே. இரண்டு இடத்திலும் அடிப்பொருள் ஒன்றுதான், பிறர் மேனி படாதது. ஒரு வீட்டின் துக்கத்துக்குள் மட்டும் சுருங்கிப்போன நல்ல சொல்லை வேறொரு வேலைக்கு அழைப்பதில் எனக்குத் தவறு தெரியவில்லை. நூறு லட்சமும் கோடி, தெருவின் கடைசியும் கோடி என்ற குழப்பம் வராதா என்றும் கேட்டார். முன்னால் ‘பழம்’ சேர்ந்தால் அந்தக் குழப்பம் போய்விடும் என்றே நினைக்கிறேன்.

பழங்கோடி என்பது உறுப்புக்கு. அதை வைத்துச் சேர்த்த முழுப் பேனாவுக்கு? அங்கே ‘பூட்டு’ என்ற வினையைப் பிடிக்கலாம். ஒர்க்‌ஷாப்பில் என்ஜினைப் பிரித்துப் பூட்டினேன் என்கிறார்கள். ஏர் பூட்டுகிறோம், வண்டி பூட்டுகிறோம், இங்கே வயலில் காளப்பூட்டு என்று மாட்டுப் பந்தயமே நடந்ததுண்டு. தனித்தனியானதைச் சேர்த்து வேலைக்கு ஆக்குவது பூட்டுவது. ஆகவே பழங்கோடி உறுப்புகள் மட்டுமே சேர்ந்தது ‘பழங்கோடிப் பூட்டு’. பக்கத்தில் பூட்டிய வருடத்தையும் எழுதிவிட்டால் தீர்ந்தது. தொழிற்சாலையிலேயே அந்தக் காலத்தில் பூட்டி முடித்து, விற்காமல் தங்கியது என்றால் அதற்குப் பூட்டு சேர்க்க வேண்டாம், ‘முழுப் பழங்கோடி’ போதும்.

ஒரு இடத்தில் கவனமாக இருக்க வேண்டும். பழங்கோடி என்றால் நல்ல நிலையில் இருப்பது என்று அர்த்தமில்லை. என் பெட்டியிலேயே பேனாவுக்குள் மை நிற்கிற ரப்பர் டியூபுகள் இருந்தன, ஒன்று கூடத் தொடாதது, எல்லாமே ஒன்றோடொன்று ஒட்டி, எடுத்தால் அப்பளம் மாதிரி நொறுங்கியது. இயற்கை ரப்பர் சும்மா கிடந்தாலும் காற்றிலேயே கெடும். உள்ளே தண்டு ஏறி இறங்கி மை இழுக்கிற பழைய பிஸ்டன் பேனாக்களில் இருந்த தக்கை அடைப்பும் காய்ந்தால் சுருங்கும், மை கக்கும். பார்க்கர் 51-இல் 1948-க்கு அப்புறம் போட்ட பிளாஸ்டிக் மைப்பைகள் பல இன்னும் மை இழுக்கின்றன, அது பொருளின் குணம். ஆகவே டியூப், தக்கை இரண்டையும் புதிதாகப் போட்டால் அது பழங்கோடிப் பூட்டு இல்லை என்று தள்ளிவிடக் கூடாது. தேயவே படைத்த உறுப்பு புதிதாக இருக்கலாம். உடல், மூடி, கழுத்து, நாக்கு, நிப்பு ஐந்தும் பழங்கோடியாக இருக்க வேண்டும். கிளிப்பை இந்த ஐந்தோடு சேர்ப்பதா வேண்டாமா என்று என்னால் முடிவு செய்ய முடியவில்லை, துருப்பிடித்த கிளிப்பை அப்படியே போட மனசு வராது. அதைப் பற்றி நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

அந்தப் பெட்டியிலிருந்து இதுவரை பதினோரு பேனா பூட்டியிருக்கிறேன். போன சனிக்கிழமை ஒன்றின் அட்டையில் முதல்முறையாக இப்படி எழுதினேன்: ‘எபோனைட், பழங்கோடிப் பூட்டு, கிளிப் மட்டும் புதிது.’ வாங்க வந்த ரிட்டயர்டு ஆசிரியர் அட்டையைப் படித்துவிட்டு, கோடியா, அப்போ யாரும் எழுதாததா என்று கேட்டார். ஆமாம் சார் என்றேன். விளக்கம் எதுவும் அவர் கேட்கவில்லை, மூடியைத் திருகிப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.